படத்தின் முதல் காட்சி: உங்கள் மனதில் நிற்பது எது? (ஹீரோ என்ட்ரி கணக்கில் வராது)

பதிவு 1 | இரண்டாம் ஆட்டம்

எங்கள் ஊரில் டூரிங் கொட்டகை இருந்த காலம். அப்பாவுக்கு மளிகைக் கடை. ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தி, கல்லாவை எண்ணி முடித்து, சைக்கிளில் என்னை முன் கம்பியில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போவார். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டால் இன்னும் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். பாட்டு நின்றுவிட்டால் படம் போட்டுவிட்டார்கள். நாங்கள் போகும்போது பெரும்பாலும் நின்றுதான் இருக்கும். நியூஸ் ரீல் ஓடும் நேரத்தைக் கழித்தால்கூட முதல் பத்து நிமிடம் போயிருக்கும். இருட்டில் மணலைத் துழாவி உட்காரும்போது திரையில் யாரோ யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று கண்டுபிடிப்பதற்குள் இடைவேளை வந்துவிடும்.

'பதினாறு வயதினிலே' படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். 1977இல் வந்த படம், எங்கள் கொட்டகைக்கு வந்துசேர நான்கைந்து வருடம் ஆயிற்று. மயிலு ரயில் நிலையத்தில் காத்து நிற்பதோடு படம் முடிந்தது. சோகமான முடிவு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் போட்டபோதுதான், படம் தொடங்குவதே அந்த ரயில் நிலையத்தில்தான் என்று தெரிந்தது. யாருக்காக நிற்கிறாள் என்று தெரியாமலே முதலில் அவளைப் பார்க்கிறோம். அப்போது அவள் ரயிலுக்கு நிற்கும் ஒரு பெண், அவ்வளவுதான். கடைசியில் அதே இடத்துக்கு வரும்போது சப்பாணி வருகிறானா என்று நாமும் தண்டவாளத்தை எட்டிப் பார்க்கிறோம். அந்த முதல் காட்சி இல்லாமல் நான் பார்த்தது வேறு ஏதோ படம் என்றே தோன்றியது.

அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் இருபது நிமிடம் முன்னாடியே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

உங்களுக்குப் பிடித்த தொடக்கக் காட்சியை எழுதுங்கள். ஒரே நிபந்தனை, ஹீரோ என்ட்ரி வேண்டாம். அது தனி மகிழ்ச்சி, அதற்குத் தனி இழை போடலாம். விளக்கு அணைந்ததும் வரும் முதல் காட்சி, இந்தப் படத்தை இப்படிப் பார் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த காட்சி எது?

பதிவு 2 | ரீல்பெட்டி

யோசிக்கவே வேண்டாம், 'நாயகன்' (1987).

சிறுவன் வேலுவைப் போலீஸ் விடுவிக்கிறது. பையன் நேராக ஒளிந்திருக்கும் அப்பாவிடம் ஓடுகிறான். பின்னாலேயே போலீஸ் வருகிறது. அப்பாவைச் சுட்டுவிடுகிறார்கள். அந்தப் போலீஸ் அதிகாரியைப் பையன் குத்திவிட்டு பம்பாய்க்கு ஓடிப்போகிறான்.

அப்பாவை நேரில் காட்டிக்கொடுத்தது யார்? அந்தப் பையனேதான், தெரியாமல். வேலு நாயக்கர் கடைசிவரை போலீஸை நம்பாததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. படம் அதைத் திரும்ப எடுத்துச் சொல்வதும் இல்லை, நாம் நினைவில் வைத்திருப்போம் என்று நம்பி விட்டுவிடுகிறது.

கடைசிக் காட்சியை இதோடு வைத்துப் பாருங்கள். வேலு கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கரின் மகன் அஜித், நீதிமன்றத்துக்கு வெளியே வேலுவைச் சுடுகிறான். அப்பனைக் கொன்றவனை மகன் கொல்வது. முதலில் அதைச் செய்தவன் வேலு, கடைசியில் அது அவனுக்கே நடக்கிறது. "நீங்க நல்லவரா கெட்டவரா" என்று பேரன் கேட்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்கப்பட்டுவிட்டதாகத் தோன்றும்.

பதிவு 3 | கரிசல்காடு

ரீல்பெட்டி அண்ணன் மணிரத்னத்தைத் தொட்டுவிட்டார், அப்படியே 'தளபதி'க்கு வந்துவிடுகிறேன்.

போகி நாள். கறுப்பு வெள்ளை. குழந்தை மாதிரி இருக்கும் ஒரு பெண் பிள்ளை பெறுகிறாள், வளர்க்க வழியில்லாமல் கூட்ஸ் வண்டியில் விட்டுவிடுகிறாள். பிறகு படம் வண்ணத்துக்குப் போய்விடும். ஆனால் ரயில் சத்தம் மட்டும் படம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். கோயிலில் அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் அறியாமல் நிற்கும்போது ரயில் கூவும். இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே வசனம் கிடையாது. முதல் காட்சியைப் பார்த்தவனுக்கு அந்த ஒரு கூவல் போதும்.

பதிவு 4 | விசில்

எனக்கு இந்த நிபந்தனையே பிடிக்கவில்லை. ஹீரோ என்ட்ரியை ஏன் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள்?

'பாட்ஷா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை, ஆட்டோ, பாட்டு. சாதாரண ரஜினி அறிமுகம் என்று விசில் அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த அறிமுகம் ஒரு பொய். மாணிக்கம் என்ற ஆட்டோக்காரரை நமக்குக் காட்டி, உள்ளே இருக்கும் இன்னொரு ஆளை மறைத்துவிடுகிறார்கள். தம்பிக்காகத் தன்னைக் கம்பத்தில் கட்டி அடித்தாலும் பொறுத்துக்கொள்கிறார். தங்கைக்கு ஒன்று என்று வரும்போதுதான் உண்மையான என்ட்ரி. அந்த இடத்தில் தியேட்டர் ஏன் அதிர்ந்தது என்றால், முதல் பாட்டில் நம்மை அவ்வளவு நன்றாக நம்ப வைத்திருந்தார்கள். இது தொடக்கக் காட்சி செய்யும் வேலைதானே?

அப்புறம் இன்னொன்று. ரஜினி முதன்முதலில் திரையில் வந்தது 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு. அது படத்தின் தொடக்கக் காட்சி கிடையாது, எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன், மனசு கேட்கவில்லை.

பதிவு 5 | இரண்டாம் ஆட்டம்

விசில், நீங்கள் சொன்னது சரி. 'பாட்ஷா'வை நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. நிபந்தனையை மாற்றிக்கொள்கிறேன்: கதைக்கு வேலை செய்யும் என்ட்ரி என்றால் வரலாம். தலைப்பை மாற்ற இப்போது வசதி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 6 | பழைய டிக்கெட்

தம்பிகளா, எல்லோரும் எழுபதுக்கு இந்தப் பக்கமே நிற்கிறீர்கள். 'அந்த நாள்' (1954) பார்த்ததுண்டா? பார்க்காதவர்கள் இந்தப் பதிவின் கடைசிப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

'பராசக்தி' வந்து இரண்டே வருடம். சிவாஜி என்றால் வசனம், வசனம் என்றால் சிவாஜி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த சிவாஜியைப் போட்டு ஒரு படம் எடுக்கிறார்கள். எடுத்த எடுப்பில் அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள்! பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. எஸ். பாலசந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. 1943இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் கதை நடக்கிறது.

அந்தக் காலத்தில் காசு கொடுத்து உள்ளே வந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாரைப் பார்க்க வந்தானோ அந்த ஆள் முதல் நிமிடத்திலேயே பிணம். இனிமேல் சிவாஜியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சாட்சியும் சொல்லும் கதைக்குள்தான் பார்க்க முடியும். தம்பி ஒரு விதமாகச் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு விதமாகச் சொல்வார். அந்த மனிதனின் சொந்த வாக்குமூலம் கடைசிவரை கிடையாது. அதற்குத்தான் முதலிலேயே வாயை அடைத்துவிட்டார்கள்.

ஹாலிவுட்டில் 1950இல் பில்லி வைல்டர் 'சன்செட் புலவார்ட்' எடுத்தார். நீச்சல் குளத்தில் பிணமாக மிதப்பவன் தன் கதையைத் தானே சொல்வான். முதலில் எடுத்த தொடக்கம் வேறு. பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாக எடுத்திருந்தார்கள். முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள், உடனே தூக்கிவிட்டு வேறு தொடக்கம் வைத்தார்கள். ஒரு நல்ல படத்தையே முதல் காட்சி கவிழ்க்கப் பார்த்திருக்கிறது. அங்கே செத்தவன் பேசுகிறான். நம் படத்தில் செத்தவனைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள். எனக்கு நம்முடையதுதான் கூடுதல் துணிச்சலாகப் படுகிறது.

(கடைசிப் பத்தி.) ராஜன் ரேடியோ இன்ஜினியர், ஜப்பானுக்கு உளவு பார்ப்பவன். ஹீரோவே தேசத் துரோகி. முதல் காட்சியில் "ஐயோ, நம்ம ஆள் செத்துட்டானே" என்று பதறிய கூட்டத்தைக் கடைசியில் "அவனுக்கு அது வேண்டியதுதான்" என்று சொல்ல வைப்பது லேசுப்பட்ட காரியமா?

பதிவு 7 | ரீல்பெட்டி

ஐயா, இன்று இரவே பார்க்கிறேன். கடைசிப் பத்தியைப் படித்துத் தொலைத்துவிட்டேன், பரவாயில்லை.

பதிவு 8 | ஏ9 வீதி

நான் வவுனியாவில் பிறந்தவன், இப்போது இருப்பது கனடாவில். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) தொடக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

திரையில் மாங்குளம். சியாமாவுக்கும் திலீபனுக்கும் கலியாணம். மாங்குளம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில், ஏ9 வீதியில் இருக்கிறது. என்னுடைய பெரியம்மா வீடு அங்கேதான். இந்தியப் படம் ஒன்று அந்த ஊர்ப் பெயரோடு தொடங்குகிறது என்றதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அதுவும் குண்டோடு தொடங்கவில்லை, கலியாணத்தோடு தொடங்குகிறது. எங்களைப் பற்றிப் படம் எடுக்கிறவர்கள் பொதுவாக நாங்கள் ஓடுவதிலிருந்துதான் தொடங்குவார்கள். எங்களுக்கும் கலியாண வீடு இருந்தது, வாழை கட்டினோம், பலகாரம் சுட்டோம் என்பது அவர்கள் கதையில் இருக்காது.

பேச்சில் எங்கட வாடை முழுசாக இல்லை, அது உண்மை. முதலில் அது உறுத்தியது. ஆனால் ராணுவம் வருகிறது என்றதும் திலீபன் காட்டுக்குள் போவதும், அவள் வயிற்றுப் பிள்ளையோடு தனியாக நிற்பதும், பிறகு படகில் ராமேஸ்வரம் போவதும் எங்கள் வீடுகளில் நடந்த கதை. என் அம்மா அந்தப் படகைப் பார்த்ததும் எழுந்து குசினிக்குள் போய்விட்டா. படம் முடியும்வரை வரவில்லை. பிறகு ஒரு நாள் "அந்தக் கலியாணத்தை மட்டும் போடு" என்று கேட்டா. போட்டேன். இரண்டு தரம் பார்த்தா.

அதற்குப் பிறகு படம் சென்னையில் அமுதாவின் கதையாக மாறிவிடும். தமிழ்நாட்டு நண்பர்கள் பலருக்குப் படம் அங்கேதான் தொடங்குவதாக ஞாபகம். எனக்கு அப்படி இல்லை. அமுதா அம்மாவைத் தேடிப் போகும்போது அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அவளுடைய அம்மா ஒரு காலத்தில் மணப்பெண்ணாகச் சிரித்தவள் என்று.

பதிவு 9 | கரிசல்காடு

இதைப் படித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி அண்ணா. நான் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன், எனக்கும் அது ராமேஸ்வரத்தில் தொடங்குவதாகத்தான் ஞாபகம்.

பதிவு 10 | மிக்ஸிங் டேபிள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாக வேலை பார்க்கிறேன். அதனால் நான் காதால் பார்த்த தொடக்கத்தைச் சொல்கிறேன்.

செர்ஜியோ லியோனே இயக்கிய 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968). ஒரு பாழடைந்த ரயில் நிலையம். மூன்று துப்பாக்கிக்காரர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருப்பு மட்டும்தான். என்னியோ மோரிக்கோனே மாதிரி ஒரு இசையமைப்பாளர் இருந்தும் அந்த நேரத்தில் இசை கிடையாது. காற்றாலை கிரீச்சென்று சுற்றுகிறது. ஒருவன் தொப்பியில் மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருவன் முகத்தில் ஈ வந்து உட்காருகிறது, அதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் அடைத்துவிட்டு அது ரீங்கரிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். தந்தி இயந்திரம் தட்டிக்கொண்டே இருக்கிறது, எரிச்சலில் கம்பியைப் பிடுங்கிவிடுகிறான். பிறகு ரயில் வருகிறது, போகிறது. யாரும் இறங்கவில்லை என்று நினைத்துத் திரும்புகிறார்கள். அப்போது ஒரு ஹார்மோனிகா. படத்தில் இசை உள்ளே வருவது அந்த மனிதனோடுதான்.

என்னிடம் யாராவது இசை என்றால் என்ன, சத்தம் என்றால் என்ன என்று கேட்டால் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். சத்தங்களை ஒழுங்காக அடுக்கினால் அதற்குள்ளேயே தாளம் வந்துவிடுகிறது. ஈக்கும் சொட்டும் தண்ணீருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்று ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

தமிழில் எனக்கு இதற்குப் பக்கத்தில் வருவது 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013). ராத்திரி, ரோட்டில் ஒருவன் குண்டடிபட்டுக் கிடக்கிறான். ஒரு மருத்துவ மாணவன் அவனைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், எங்கேயும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் தன் வீட்டுக்கே கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்கிறான். படத்தில் பாட்டே இல்லை. இளையராஜா பெயருக்கு முன்னால் 'பின்னணி இசை' என்று போடாமல் 'முன்னணி இசை' என்று போட்டார் மிஷ்கின். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவருக்குக் கடன்பட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு படத்தின் தொடக்கத்தை மூன்று வாரம் உட்கார்ந்து அடுக்கினோம். வயல்காட்டுத் தவளை, தூரத்து பம்புசெட், ஓலை உரசும் சத்தம் எல்லாம் வைத்து. கடைசி நாளில் அதன்மேல் முழு நீளத்துக்கு வயலின் போட்டு மூடிவிட்டார்கள். எங்கள் தவளை ஒன்றுகூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கும்.

பதிவு 11 | வெட்டும் ஒட்டும்

மிக்ஸிங் டேபிள் தோழருக்கு எடிட்டர் தரப்பிலிருந்து ஆறுதல். இது உலகம் முழுக்க நடந்திருக்கிறது, ஆர்சன் வெல்ஸுக்கே நடந்தது.

'டச் ஆஃப் ஈவில்' (1958). அமெரிக்க மெக்சிகோ எல்லையில் ஒரு ஊர். ஒருவன் காரின் டிக்கியில் வெடிகுண்டு வைக்கிறான். கார் கிளம்புகிறது. காமிரா கட் இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் கூரைகளுக்கு மேலே ஏறி, தெருவில் இறங்கி, அந்தக் காரோடும், பக்கத்தில் நடந்துபோகும் புதுமணத் தம்பதியோடும் மாறி மாறிப் போகிறது. குண்டு எப்போது வெடிக்கும் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. ஸ்டுடியோ என்ன செய்தது? அந்தக் காட்சிமேல் டைட்டில் கார்டுகளை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டுவிட்டது. குண்டைப் பார்ப்பதா, பெயரைப் படிப்பதா? வெல்ஸ் 58 பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, எதை எதை மாற்ற வேண்டும் என்று கேட்டார். அப்போது முழுக்கக் கேட்கவில்லை. அவர் இறந்து 13 வருடம் கழித்து, 1998இல் எடிட்டர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்துத் திரும்ப வெட்டினார். எழுத்து போய்விட்டது, தெருவில் இருக்கும் கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் வரும் பாட்டு மட்டும் நின்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொடக்கக் காட்சியின்மேல் பெயர் ஓடக் கூடாது. முதலில் காட்சி, பிறகு கறுப்பு, பிறகு படத்தின் பெயர். 'வட சென்னை' (2018) தொடக்கம் நினைவிருக்கும். 1987, ஒரு ஓட்டல், கொலை முடிந்துவிட்டது. நான்கு பேர் ரத்தத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். செத்தவன் யார் என்று படம் உடனே சொல்வதில்லை. அதற்கு முன் வந்த 'சுப்ரமணியபுரம்' (2008) படமும் இப்படித்தான்: சிறையிலிருந்து வெளியே வருகிறவனை வாசலிலேயே குத்திவிடுகிறார்கள், யார் எவர் என்று தெரியாமலே 1980க்குப் போய்விடுகிறோம். இரண்டிலும் எடிட்டர் கொடுத்திருப்பது ஒரு கடன் சீட்டு. பாதிப் படத்திலோ கடைசியிலோ வட்டியோடு திரும்பக் கொடுக்கிறார். நடுவில் நாம் மறந்துவிட்டால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதனால்தான் அந்த முதல் காட்சியில் வேறு எதுவும் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்கிறேன்.

பதிவு 12 | விசில்

'ரோஜா' (1992) யாரும் சொல்லவில்லையே? காஷ்மீர் காட்டில் தீவிரவாதி வாசிம் கான் பிடிபடுகிறான். அடுத்து சுந்தரபாண்டியபுரம், 'சின்னச் சின்ன ஆசை'. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கக்கூட விடாமல் ரஹ்மான் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அது அவருக்கு முதல் படம் வேறு.

பதிவு 13 | வழக்குமன்றம்

சட்ட உதவி மையம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவள். 'ஜெய் பீம்' (2021) தொடக்கம் பற்றி எழுத வேண்டும்.

சிறை வாசல். தண்டனை முடிந்தோ பிணையிலோ ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். வாசலில் ஒவ்வொருவரிடமும் சாதி கேட்கிறார்கள். சில சாதிப் பெயரைச் சொன்னவர்கள் வீட்டுக்குப் போகலாம். இருளர், குறவர் என்று சொன்னவர்கள் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். முடிக்காமல் கிடக்கும் வழக்குகளில் சேர்க்க அவர்களை ஒவ்வொரு ஸ்டேஷன்காரரும் பிரித்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். கூட்டிப்போக வந்த குடும்பங்கள் பார்த்துக்கொண்டே நிற்கின்றன.

அந்தக் காட்சியில் யாரும் பெரிதாகக் கத்துவதில்லை. அதிகாரிகளுக்கு அது வழக்கமான காலை வேலை. என்னை உலுக்கியது அதுதான். நான் பார்த்த ஓர் அலுவலகத்திலும் இப்படித்தான் இருந்தது. பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போவது போல ஒருவருடைய ஆறு மாதத்தை எழுதி வைத்துவிடுவார்கள். இந்தப் படம் நீதிபதி சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய ஒரு வழக்கை அடிப்படையாகக் கொண்டது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராஜாக்கண்ணுவின் கதை தொடங்கும் முன்பே, இது ஒரு ஆளுக்கு மட்டும் நடந்தது என்று யாரும் ஒதுங்கிவிட முடியாதபடி அந்த வாசல் செய்துவிடுகிறது.

பதிவு 14 | ஆவாரம்பூ

மதிப்புக்குரிய காட்சிதான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அந்தக் காட்சி கொஞ்சம் வேகமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. யார் பக்கம் நிற்க வேண்டும் என்று முதல் நிமிடத்திலேயே கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

'பரியேறும் பெருமாள்' (2018) வேறு மாதிரி. வேட்டைக்குப் போனவர்கள் ஒரு குட்டையில் நாய்களைக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். சிரிப்பு, கிண்டல். வேறு சிலர் வருவது தெரிந்ததும் இவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். அதன் பிறகு நாயகன் பரியனின் நாய் கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கிடக்கிறது. யாரும் சாதிப் பெயரைச் சொல்லிச் சண்டை போடவில்லை. ஏன் எழுந்து போனார்கள் என்பதை நாமேதான் யோசித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப்பக்கம் வளர்ந்த எனக்கு அந்த எழுந்து போகும் அவசரம் உடனே புரிந்தது. சென்னையில் என்னோடு பார்த்த தோழிக்குப் படம் பாதி ஓடிய பிறகுதான் புரிந்தது. அந்த இடைவெளியே படத்தின் விஷயம் என்று நினைக்கிறேன்.

பதிவு 15 | வழக்குமன்றம்

ஆவாரம்பூ, நீ சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். கருப்பி காட்சி பற்றி உன்னோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் சொல்கிறேன். பரியன் கதை உள்ளே இருந்து சொல்லப்படுகிறது. அந்தத் தண்ணீரில் கால் நனைத்தவர் எடுத்த காட்சி அது, மறைத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சிறை வாசல் விஷயம் மறைந்தே கிடந்தது. அந்த வாசலைப் பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பூடகமாகக் காட்டியிருந்தால் யாருக்குப் புரிந்திருக்கும்? என்னோடு வேலை பார்த்த ஒருவரே "இப்படியெல்லாமா நடக்கும்" என்று கேட்டார். சில விஷயங்களை முதல் தடவை சொல்லும்போது உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவு 16 | ஆவாரம்பூ

முதல் தடவை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது நியாயம் அக்கா. இருந்தாலும் இரண்டாவது தடவை சொல்லப் போகிறவர்கள் மெதுவாகச் சொல்லட்டும் என்பது என் ஆசை. 'அசுரன்' (2019) தொடக்கம் மாதிரி. ராத்திரி, தண்ணீரில் நிலா தெரிகிறது, அதைக் கலைத்துக்கொண்டு கால்கள் போகின்றன. அப்பாவும் மகனும் எதிலிருந்தோ தப்பிப் போகிறார்கள். அவ்வளவுதான் தெரியும், ஆனால் பயம் ஒட்டிக்கொண்டுவிடும்.

பதிவு 17 | இரண்டாம் ஆட்டம்

நான்கு நாள் ஊரில் இல்லை, வந்து பார்த்தால் இழை இவ்வளவு வளர்ந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத ஆசை, இப்போதைக்கு ஒன்றிரண்டு மட்டும்.

ரீல்பெட்டி 'நாயகன்' முதலையும் கடைசியையும் ஒட்டிப் பார்த்தது போல எனக்கு 'பதேர் பாஞ்சாலி' (1955) தோன்றியது. துர்கா தோட்டத்தில் கொய்யா திருடுவதில்தான் தொடங்கும். ஒரு காலத்தில் அவர்களுடையதாக இருந்த தோட்டம், இப்போது அடுத்த வீட்டுக்காரருடையது. திருடிய பழத்தைக் கிழவி இந்திருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அம்மா அதற்காகப் பேச்சு வாங்குகிறாள். திருட்டுதான், ஆனால் அவ்வளவு பாசத்தோடு ஒரு திருட்டு. கடைசியில் துர்கா இல்லை. அவள் எடுத்திருந்த பாசிமாலை அப்புவின் கையில் கிடைக்கிறது. அவன் அதை யாரிடமும் காட்டாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மாலை உள்ளே போனதும் திரும்ப மூடிக்கொள்ளும். கொய்யாவைப் பார்க்காமல் அந்த மாலையை மட்டும் பார்த்திருந்தால், தங்கையைத் திருடி என்று நினைத்திருப்பேனோ என்னவோ. மன்னிக்கவும், துர்கா அவனுக்கு அக்கா. அவசரத்தில் எழுதிவிட்டேன், அழிக்க முடியவில்லை.

ஊருக்குப் போனது அப்பாவைப் பார்க்க. கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. ஏ9 வீதி அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு, அப்பாவோடு உட்கார்ந்து ஒரு படத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. செல்போனை டிவியில் மாட்டி 'பதினாறு வயதினிலே' போட்டேன். சாப்பாட்டை முன்னாடியே முடிக்கச் சொன்னேன். எட்டு மணிக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ரயில் நிலையம் வந்தது. மயிலு நின்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கதை ஊருக்குள் போன பிறகு, "நிறுத்து" என்றார். "அந்த ஸ்டேஷன் முதல்லயே வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ நாம உள்ள வர்றதுக்கு முன்னாடியே அவ அங்க நின்னுட்டுதான் இருந்திருக்கா" என்றார். பிறகு திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார்.

அவரோடு பார்த்த மற்ற படங்களின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி வந்திருக்கிறேன். பதினேழு இருக்கிறது. அடுத்த மாதம் போகும்போது இரண்டாவதைப் போட வேண்டும்.

பதிவு 18 | பழைய டிக்கெட்

தம்பி, அந்தப் பதினேழையும் இங்கே எழுதுங்கள். எதற்கெல்லாம் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதோ நான் சொல்கிறேன்.